பகுதி சபை கண்ட பிரமநாயகம்

உங்க ஊர்ல பகுதி சபை உண்டா சார்?

இல்லையா? நல்லது. இல்லாமலே இருக்கட்டும். கொண்டுவரணும்னு யாராவது கிளம்பினா, அந்த ஆளை முதல்ல எங்கிட்ட அனுப்பி வைங்க. ரெண்டு வார்த்தை பேசி அனுப்புறேன்.

நீங்க ஜன்னல் பக்கமே இருங்க. எனக்கு எங்க உட்கார்ந்தாலும் ஒண்ணுதான். கோயம்புத்தூர் வரைக்கும் போறேன், மகன் வீட்டுக்கு. வர்றேன்னு அவங்கிட்ட சொல்லலை. சொன்னா ‘என்னப்பா திடீர்னு?’ன்னு கேப்பான். போய் வாசல்ல நின்னுட்டா கேக்க முடியாது பாருங்க, ‘வாங்கப்பா’ன்னுதான் சொல்லியாகணும்.

எம்பேரு பிரமநாயகம். ஆலங்கரைதான் சொந்த ஊர். கூட்டுறவுத் துறையில சார்பதிவாளரா இருந்து ரிட்டயர் ஆனவன். பேரவைக் கூட்டம்னா என்ன, தீர்மானம்னா என்ன, எத்தனை பேர் வந்தா கூட்டம் செல்லும், தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். நான் போய் உட்கார்ந்தா எந்தச் சங்கத்துலயும் கூட்டம் அரை மணி நேரத்துல முடிஞ்சிரும். ஒருத்தனும் வாயைத் திறக்க மாட்டான். அவ்வளவு ஒழுங்கு.

ரிட்டயர் ஆனதும் எனக்கு நாட்டைப் பத்தி யோசனை வந்துருச்சு. வந்திருக்கக் கூடாது, வந்துருச்சு. அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை ஓட்டுப் போடுறோம். விரல்ல வச்ச மை அழியறதுக்குள்ள நம்மளை மறந்துருதாங்க. அடுத்த தேர்தல் வரைக்கும் நாம யாரு? வேடிக்கை பாக்கிற ஆளு. இதுக்கா சார் சுதந்திரம் வாங்கினோம்? நடுவுல மக்களைக் கேக்க வேண்டாமா? எந்தத் தெருவுல சாக்கடை அடைக்குது, எங்க விளக்கு எரியலை, எந்த வேலையை முதல்ல எடுக்கணும், இதை அந்தத் தெருக்காரந்தான சொல்லணும்? இப்படித்தான் பேசுவேன். நல்லாப் பேசுவேன் சார், பெருமைக்குச் சொல்லலை. டீக்கடையில நான் ஆரம்பிச்சா, அத்தனை பேர் கையிலயும் டீ ஆறிப்போயிரும்.

சட்டத்துல வழி இருக்கு. வார்டைப் பகுதி பகுதியாப் பிரிச்சு, அந்தப் பகுதி வாக்காளர் எல்லாரையும் மூணு மாசத்துக்கு ஒருதரம் கூட்டி வச்சுக் கேக்கணும். அதான் பகுதி சபை. எங்க ஊர்ல அப்படி ஒண்ணு இருக்குன்னே யாருக்கும் தெரியாது. நான் விடுவேனா? திங்கட்கிழமை ஆனா கலெக்டர் ஆபீஸ்ல குறைதீர் கூட்டம், அங்க ஒரு மனு. புதன்கிழமை நகராட்சி ஆபீஸ், அங்க ஒரு மனு. ‘மனு பிரமநாயகம்’னே பேராயிருச்சு. ‘மக்கள் குரல் பேரவை’ன்னு ஒரு அமைப்பும் ஆரம்பிச்சேன். தலைவர் நான். செயலாளரும் நான்தான், வேற ஆள் சரியா அமையலை. பொருளாளர் எங்க தெரு ஆடிட்டர் வைகுண்டம். மத்தபடி ஒரு ஏழெட்டுப் பேர், எல்லாரும் படிச்சவங்க. எங்க வீட்டு மாடியிலதான் கூட்டம் நடக்கும். வீட்ல உலகம்மை, என் சம்சாரம், டீ போட்டு, சுண்டல் தாளிச்சுக் கொடுத்து விடுவா. கூட்டத்துல அவ உட்கார்ந்ததில்லை. அவளுக்கு இதெல்லாம் புரியாதுன்னு நான் சொல்ல மாட்டேன். அவளும் வந்து உட்கார்ந்துட்டா டீ யாரு போடுறது?

இன்னொண்ணும் சொல்லணும். எங்க வீட்டை ஒட்டி நகராட்சி இடம் ஒண்ணு உண்டு. பழைய தண்ணித் தொட்டி இருந்து இடிச்ச இடம். குப்பைமேடாக் கிடந்ததை நான்தான் நின்னு சுத்தம் பண்ணினேன். கம்பிவேலி போட்டேன், செம்பருத்தி வச்சேன், நந்தியாவட்டை வச்சேன், ‘மக்கள் பூங்கா’ன்னு போர்டு வச்சேன். சாவி எங்கிட்ட இருக்கும். மக்கள் பூங்காவுக்கு எதுக்குப் பூட்டுன்னு நீங்களும் கேக்காதீங்க, எல்லாரும் அதையேதான் கேக்காங்க. பூட்டலைன்னா மக்கள் உள்ள வந்துருவாங்கள்ல சார்? என் காரையும் அங்கதான் நிறுத்துவேன். ஓரமாத்தான். செடிக்கும் கொஞ்சம் நிழலாச்சு.

மூணு வருஷம் இப்படி அலைஞ்சேன். போன சித்திரையில பலிச்சுது. எங்க வார்டு கவுன்சிலர் ஜெசிந்தான்னு ஒரு சின்னப் பொண்ணு, முதல் தடவையா ஜெயிச்சு வந்தது. வீட்டுக்கே வந்து, ‘ஐயா, உங்க மனுவெல்லாம் படிச்சேன், நீங்க சொல்றதுதான் சரி, நம்ம பகுதியிலயே முதல்ல சபையைக் கூட்டிருவோம்’னுச்சு. அன்னைக்கு நான் உலகம்மைகிட்ட என்ன சொன்னேன் தெரியுமா? ‘பார்த்தியா, ஒத்தை ஆளா நின்னு மக்களுக்கு அதிகாரம் வாங்கிக் கொடுத்துட்டேன்’னேன். அவ, ‘அப்படியா, நல்லது. மக்கள்கிட்ட சொல்லிட்டீங்களா?’ன்னா. சாதாரணமாத்தான் கேக்காள்னு நினைச்சுக்கிட்டேன். இப்ப யோசிச்சா அப்பவே ஒரு மாதிரியாத்தான் கேட்டிருக்கா.

பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்துல முதல் கூட்டம். நான் முன்வரிசையில எங்க பேரவை ஆளுங்களுக்கு நாற்காலி போட்டு வச்சிருந்தேன். பார்த்தா சனம் வந்துக்கிட்டே இருக்கு சார். சலவைக்காரர் வர்றார், இளநீர்க் கடைக்காரன் வர்றான், எங்க தெரு முனையில மார்க்கெட்டை ஒட்டி உட்கார்ந்து பூ விக்கிறவங்க, கீரை விக்கிறவங்க அத்தனை பேரும் வர்றாங்க. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. எழுந்திருச்சு ஒரு அரை மணி நேரம் பேசினேன். கிரேக்க நாட்டுல தொடங்கி உத்திரமேரூர் குடவோலை வரைக்கும் வந்தேன். ‘இனிமே இந்த ஊரை ஆளப்போறது நீங்கதான்! நீங்க சொல்றதுதான் தீர்ப்பு!’ன்னு முடிச்சேன். கைதட்டல்னா கைதட்டல்.

அப்புறம் என் யோசனைகளை வாசிச்சேன். தெருப் பெயர்ப் பலகைகள்ல எழுத்துப்பிழை திருத்தணும், நடைப்பயிற்சி போற பெரியவங்களுக்கு பெஞ்சு போடணும், நாய்த்தொல்லை. எல்லாம் அத்தியாவசியம். ஜெசிந்தா கேட்டுக்கிட்டு, ‘ஐயா சொல்லிட்டாங்க. இப்ப மத்தவங்க சொல்லட்டும்’னுச்சு.

மத்தவங்களா? சரி, சொல்லட்டும்னு உட்கார்ந்தேன்.

பின்னால இருந்து பேச்சித்தாய் எழுந்திருச்சா. பூக்காரி. தெரு முனையில முதல் கூடை அவளுதுதான்.

“பேசலாமாம்மா?”ன்னா.

“அதுக்குத்தானக்கா கூட்டம்”னுச்சு ஜெசிந்தா.

“எங்களுக்கு ஒரு கக்கூஸ் வேணும்.”

யாரோ சிரிச்சாங்க. அவ சிரிக்கலை.

“விடியறதுக்கு முன்ன வந்து கூடையை இறக்குறோம். பொழுது அடைஞ்சுதான் போறோம். நடுவுல எங்க போக? பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்ட்டு வந்தா பூ வாடிருது, ஏவாரம் போயிருது. அதனால நாங்க தண்ணி குடிக்கிறதில்லம்மா. இந்த வெயில்லயும் குடிக்கிறதில்ல. கீரை விக்கிற சண்முகக்கனி போன மாசம் ஆஸ்பத்திரியில கிடந்தா. டாக்டரம்மா நிறையத் தண்ணி குடின்னாங்களாம். குடிக்கலாம். குடிச்சுட்டு?”

‘குடிச்சுட்டு?’ன்னு கேட்டா பாருங்க, அதோட உட்கார்ந்துட்டா.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? மூணு வருஷம் செருப்புத் தேய அலைஞ்சு, எவ்வளவு பெரிய தத்துவத்தை ஊருக்குள்ள இறக்கி வச்சிருக்கேன்! குடவோலை எங்க, கக்கூஸ் எங்க? நான் பொறுமையாத்தான் சொன்னேன், “அம்மா, அது உங்க தனிப்பட்ட சிரமம். இது பொதுப் பிரச்சினைக்கான மன்றம்”னு. உடனே நாலஞ்சு பொம்பளைங்க ஒண்ணாப் பேச ஆரம்பிச்சிட்டாங்க. ஒழுங்குன்னு ஒண்ணு கிடையாது. ஜெசிந்தா, ‘கட்டலாம்க்கா, நிதி கேட்டு வாங்கலாம், இடந்தான் வேணும்’னுச்சு. அப்ப இளநீர்க் கடைக்காரன் சொல்றான்: “ஐயா வீட்டுப் பக்கத்துல மக்கள் பூங்கா இருக்குல்லா? மக்கள் நாங்கதான?”

என்ன திமிரு பாருங்க சார். நான் சொல்லிக்கொடுத்த பேச்சையே எங்கிட்ட பேசுறான்.

எனக்கு அனுபவம் இல்லையா? ‘இதை ஆராய்ந்து முடிவெடுக்க அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கிறோம்’னேன். எந்தச் சங்கத்துலயும் இது போதும், விஷயம் அதோட செத்துரும். ஆனா அந்தப் பொண்ணு, ‘சரிங்கய்யா, அடுத்த மாசமே சிறப்புக் கூட்டம் வச்சிருவோம்’னு தேதியைச் சொல்லிருச்சு.

அந்த ஒரு மாசம் நான் சும்மா இருக்கலை. தெருவுல வீடு வீடாப் போனேன். ‘நாத்தம் எந்த வீட்டுக்கு வரும்? உங்க பொண்ணைப் பார்க்க வர்றவங்க மூக்கைப் பொத்திக்கிட்டு வரணுமா? நாளைக்கு வீட்டை விக்கணும்னா எவன் வாங்குவான்?’ எல்லாரும் தலையாட்டினாங்க. வைகுண்டம் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, ‘கவலைப்படாதீங்க, நம்ம தெருவுல ஒரு கை ஏறாது அதுக்கு’ன்னார். தெருவுல எல்லா வீட்டுக்கும் போனேன் சார். என் வீட்டுக்கு மட்டும் போகலை. சொந்த வீட்டுல போய் யாராவது ஆதரவு கேப்பாங்களா?

இன்னொரு வேலையும் பார்த்தேன். சபையில கை தூக்கணும்னா அந்தப் பகுதி வாக்காளரா இருக்கணும், அதான் விதி. இந்தப் பூக்காரங்க, கீரைக்காரங்க எல்லாரும் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் குடியிருக்கிறவங்க. வேற வார்டு. வியாபாரம்தான் இங்க. விதியைக் காட்டினேன். ஜெசிந்தா முகம் சுண்டிப்போச்சு. ‘ஐயா, அவங்களுக்காகத்தான இந்தக் கூட்டமே’ன்னுச்சு. ‘விதி எல்லாருக்கும் பொதும்மா’ன்னேன்.

ரெண்டாவது கூட்டம் அன்னைக்கு காலையில பதினோரு மணி. ஏவாரம் சூடு பிடிக்கிற நேரம், வர மாட்டாங்கன்னு நான்தான் அந்த நேரம் கேட்டு வாங்கினேன். வந்துட்டாங்க சார். கூடையையும் தூக்கிக்கிட்டே வந்துட்டாங்க. தரையில உட்கார்ந்து பூக்கட்டிக்கிட்டே கூட்டம் கேக்காங்க. நான் எழுந்திருச்சு, ‘இந்தப் பகுதி வாக்காளர் அல்லாதவர்கள் தயவுசெய்து வெளியே இருக்கவும்’னேன். மரியாதையாத்தான் சொன்னேன்.

அப்புறம் பேச்சித்தாய் மடியில கிடந்த பூவை அள்ளிக் கூடையில போட்டுக்கிட்டு எழுந்திருச்சா. “சரி சார். பூ மட்டும் உங்க தெருவுக்குள்ள வரலாம், அப்படித்தான?”ன்னுட்டுப் போனா. ஒருத்தர் பின்னால ஒருத்தரா எல்லாரும் போய் வெளிய வேப்பமரத்தடியில உட்கார்ந்தாங்க. ஜன்னல் வழியாத் தெரிஞ்சுது. அங்கயும் பூதான் கட்டிக்கிட்டு இருந்தாங்க.

இப்ப உள்ள இருக்கிறது அத்தனையும் எங்க ஆளு. எங்க தெரு, அடுத்த ரெண்டு தெரு. எல்லாரும் தலையாட்டினவங்க. நான் நிம்மதியாப் பேசினேன். சுகாதாரம் சொன்னேன், நிலத்தடி நீர் சொன்னேன், தெருவோட கௌரவம் சொன்னேன். உட்கார்ந்தேன். ‘வேற யாராவது கருத்துச் சொல்றீங்களா?’ன்னு ஜெசிந்தா ஒரு வழக்கத்துக்குக் கேட்டுச்சு.

பொம்பளைங்க பக்கத்துல ஒரு ஆள் எழுந்திருச்சுது. நான் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டு இருந்தேன், முகம் தெரியலை. புடவையை மட்டும் எங்கயோ பார்த்த மாதிரி இருந்தது. நான் எடுத்துக் கொடுத்த புடவைதான் சார்.

“எம்பேரு உலகம்மை. சார் வீட்டுக்காரிதான்”னா.

நான் என்ன நினைச்சேன்னா, நமக்கு ஆதரவாப் பேச எழுந்திருக்கா, எங்கிட்டச் சொல்லியிருந்தா நாலு பாயின்டு எழுதிக் கொடுத்திருப்பேனேன்னு நினைச்சேன்.

“எங்க வீட்டுப் புறவாசல்ல ஒரு கக்கூஸ் இருக்கு. நாங்க அதைப் புழங்குறதில்ல. வெளிய உட்கார்ந்திருக்காங்களே, மூணு வருஷமா இவங்க அங்கதான் வந்துட்டுப் போறாங்க. சார் மனு கொடுக்கப் போறப்ப வருவாங்க. திங்கக்கிழமை வருவாங்க, புதன்கிழமை வருவாங்க. மாடியில கூட்டம் நடந்தா அப்பவும் வருவாங்க, சார் பேச ஆரம்பிச்சா கீழ இறங்க நேரமாகும்லா. மத்த நாள்ல அடக்கிக்கிட்டுக் கிடப்பாங்க.”

கூடத்துல ஒரு சிரிப்பு. என்னைப் பார்த்துத்தான். இவ நிறுத்தலை.

“நாத்தம் நாத்தம்னாங்க. மூணு வருஷமா அதே வீட்லதான் சார் சாப்பிட்டுத் தூங்கி எந்திரிக்காங்க. அவங்களுக்கே தெரியலை. உங்க யாருக்காவது தெரிஞ்சுதா? கழுவி விட்டா என்ன நாத்தம்? அம்புட்டுத்தான் எனக்குச் சொல்லத் தெரியும். நான் கை தூக்குறேன்.”

தூக்கிட்டா! ஜெசிந்தா, “அம்மா, நான் இன்னும் கேக்கலை, உட்காருங்க”ங்குது. “பரவாயில்லம்மா, நீ கேக்கிறப்ப கேளு, நான் தூக்கியே வச்சிருக்கேன்”னு நிக்கா. தோள்பட்டை வலின்னு துணி காயப்போடக் கூடக் கையைத் தூக்க மாட்டா சார் வீட்ல! கொடியில நான்தான்... இல்லை, நான் காயப்போட்டதில்லை, ஒரு பேச்சுக்குச் சொல்றேன். அந்தக் கையைத் தூக்கிக்கிட்டு நிக்கா, எனக்கு எதிரா, ஊரு முன்னால.

பக்கத்து வீட்டு டீச்சர் ஒரு தடவை அவளைப் பார்த்துச்சு, கையைத் தூக்கிருச்சு. அப்புறம் வைகுண்டம் சம்சாரம். அப்புறம் பொம்பளைங்க பக்கம் முழுக்க, வயல்ல நாத்து நிமிர்ந்த மாதிரி. ஆம்பளைங்க ஒருத்தரை ஒருத்தர் பார்த்தாங்க, அவங்கவங்க சம்சாரத்தைப் பார்த்தாங்க. ஒவ்வொரு கையா ஏறுச்சு. என் பொருளாளர் வைகுண்டம் இருக்காரே, தலையைச் சொறியற மாதிரி பாதிக்குத் தூக்கினார். ‘சார், உங்களையும் சேர்த்துக்கலாமா?’ன்னு ஜெசிந்தா கேட்டதும் முழுசாத் தூக்கிட்டார்.

‘எதிர்ப்பவங்க?’ன்னுச்சு ஜெசிந்தா. நான் தூக்கினேன். என் பக்கம் விரலை நீட்டி, ‘ஒண்ணு’ன்னு சத்தமா எண்ணுச்சு அந்தப் பொண்ணு. விதிப்படி எண்ணித்தான ஆகணும்.

ஜன்னல் வழியாப் பார்க்கேன், வேப்பமரத்தடியில அத்தனை பேரும் எழுந்து நிக்காங்க. ஒரு சத்தம் இல்லை. கூச்சல் போட்டிருந்தா ஒழுங்கீனம்னு ஒரு மனுவாவது எழுதியிருப்பேன். அதுக்கும் வழியில்லை. பேச்சித்தாய் முந்தானையை வாயில பொத்திக்கிட்டு நின்னா. அழுதாளா சிரிச்சாளான்னு எனக்குத் தெரியலை. எனக்கென்ன வந்தது?

வீட்டுக்கு வந்து கேட்டேன். கேக்காம இருக்க முடியுமா? “என் வீட்ல எனக்குத் தெரியாம மூணு வருஷம்! எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”ன்னேன்.

“சொன்னா என்ன பண்ணியிருப்பீங்க?”ன்னா.

“புறவாசலைப் பூட்டியிருப்பேன்.”

“அதான் சொல்லலை”ன்னுட்டு அரிசி களைய ஆரம்பிச்சுட்டா.

“சரி, அதை விடு. ஊர்க் கூட்டத்துல எழுந்திருச்சு எனக்கு எதிராக் கை தூக்குறியே, நியாயமா?”

அதுக்குச் சொல்றா: “முப்பத்தெட்டு வருஷத்துல இந்த வீட்ல எதுக்காவது என்னைக் கை தூக்கச் சொல்லிக் கேட்டிருக்கீங்களா? அங்க கேட்டாங்க. தூக்கினேன்.”

என்ன பேச்சு சார் இது? வீடும் சபையும் ஒண்ணா? வீட்ல ரெண்டே பேரு. ரெண்டு பேருக்குள்ள ஓட்டெடுப்பு வச்சா ஆளுக்கொரு ஓட்டு, சமம் சமம்னு நிக்கும். தலைவருக்குத் தீர்மான ஓட்டு உண்டு, ஆக கடைசியில நான் சொன்னதுதான் நடக்கும். இதை அவகிட்ட விளக்கினேன். விளக்கி முடிக்கையில அவ அங்க இல்லை, அடுப்படிக்குப் போயிருந்தா.

நான் விடலை. மதுரையில அக்கா மகன் வக்கீலா இருக்கான், சேதுராமன்னு. போய் தடை வாங்கணும்னேன். எல்லாத்தையும் கேட்டான். கேட்டுட்டு, “மாமா, என்ன காரணம்னு எழுதட்டும்? மக்களைக் கூட்டிக் கேட்டு முடிவெடுத்துட்டாங்கன்னா?”ங்கான்.

“கேக்க வேண்டிய விஷயத்தைக் கேக்கணும்டா”ன்னேன்.

“எது கேக்க வேண்டிய விஷயம்னு யாரு முடிவு பண்றது மாமா?”

இவனைப் படிக்க வச்சது நான். ‘உலகம்மை அத்தை இதைக் கேட்டா சந்தோஷப்படுவாங்க’ன்னு சிரிக்கான். வந்த வழியே திரும்பிட்டேன்.

பூட்டைத் திறக்கச் சொன்னாங்க, திறந்துவிட்டேன். காரைத் தெருவுல நிறுத்தினேன். வெயில்ல நிக்குது. அஸ்திவாரம் தோண்டினாங்க. வேலையைக் கண்காணிக்க ஒரு குழு போடணும்னு சபையில பேச்சு. முதல் பேரா என் பேரைத்தான் சொன்னாங்க. நான் மாட்டேன்னுட்டேன். எந்த முகத்தோட போய் நிக்கிறது? அடுத்த பேரு உலகம்மை. அவ சரின்னுட்டா.

அன்னையிலிருந்து வீடு வீடா இல்லை சார். காலையில எந்திரிச்சா அங்க நிக்கா. மேஸ்திரிகிட்டச் சண்டை. குழாய் இவ்வளவு உயரத்துல வச்சா குட்டைப் பொம்பளை எப்படிப் பிடிப்பான்னு உடைச்சு மாத்தச் சொல்லியிருக்கா. கதவுக்குப் பின்னால பை மாட்ட ஆணி வேணுமாம். பூக்கூடையைத் தரையில வைக்க முடியாது, வெளிச் சுவத்துல ஒரு மேடை கட்டுன்னாளாம். ஒப்பந்தக்காரன் திட்டத்துல இல்லைன்னிருக்கான். ‘நீ திட்டத்துல இல்லைன்னு எழுதிக் கொடு, நான் சபையில வாசிக்கிறேன்’னிருக்கா. கட்டிட்டான். இந்தப் பேச்செல்லாம் எங்க கத்துக்கிட்டான்னு தெரியலை. மாடிப்படியில நின்னு என் கூட்டத்தைக் கேட்டிருப்பா போல. இப்ப எங்க வீட்டு மாடியில அந்தக் குழுதான் கூடுது. நான் கீழ உட்கார்ந்து நானே டீ போட்டுக் குடிக்கேன். சீனி டப்பா எங்க இருக்குன்னு கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு வாரம் ஆச்சு.

சரி, இவ்வளவும் போகட்டும். போன வெள்ளிக்கிழமை வீட்டு வாசல்ல கூட்டம். பேச்சித்தாய், சண்முகக்கனி, இன்னும் நாலஞ்சு பேரு. தாம்பாளத்துல வெத்தலை பாக்கு, பழம், கெட்டியாக் கட்டின மல்லிகை மாலை ஒண்ணு. ‘சார்தான் திறந்து வைக்கணும்’ங்காங்க. நோட்டீஸே அடிச்சாச்சு. ‘பகுதி சபை கண்ட பிரமநாயகம் ஐயா திறந்து வைப்பார்’னு கொட்டை எழுத்துல.

நக்கல் சார். சுத்த நக்கல். நான் உலகம்மைகிட்டச் சொன்னேன். அவ, “நக்கல் இல்லைங்க, நிசமாத்தான் கூப்பிடுதாங்க. நீங்க அலைஞ்சு அந்தக் கூட்டத்தைக் கொண்டு வரலைன்னா இது வந்திருக்குமா? நகராட்சித் தலைவர் திறக்கேன்னு கேட்டதுக்கு, ஐயாதான் திறக்கணும்னு பேச்சித்தாய் ஒத்தைக் கால்ல நின்னிருக்கா”ன்னா. அவ சொல்றதை நம்பவா? கை தூக்கினவ. பேச்சித்தாய் வேற, போறப்ப என் கால்ல விழப் போயிட்டா. “இப்பல்லாம் தண்ணி குடிக்கோம் சார்”ங்கா. இன்னும் திறக்கவே இல்லையே, எப்படிக் குடிக்கீங்கன்னு கேட்டேன். ‘அம்மா புறவாசலைத் தினமும் திறந்து விட்டுட்டாங்க’ன்னா. திங்கள், புதன் போய் இப்ப தினமும்! நான் வீட்ல இருக்கையிலேயே!

இன்னைக்குப் பத்து மணிக்குத் திறப்பு விழா. நான் விடியக்காலம் குளிச்சு, அந்த நோட்டீஸை ஒரு தடவை பார்த்துட்டு, பையைத் தூக்கிக்கிட்டு பஸ் ஏறினவன், மதுரையில இந்த பஸ்ஸுக்கு மாறிட்டேன். நான் திறந்து வச்சா எம்பேரு கக்கூஸ் வாசல்ல கல்லுல இருக்கும். எங்க அப்பா பேரு கோயில் மண்டபத்துக் கல்லுல இருக்கு சார். நான் இல்லைன்னா விழா எப்படி நடக்குதுன்னு பார்த்துருவோம்.

இருங்க, போன். அவதான்.

சொல்லு... பஸ்ல இருக்கேன்... எந்த பஸ்ஸா இருந்தா உனக்கென்ன... ஏன் சத்தமா இருக்கு, மேளமா?... காத்திருந்தாங்களா? எவ்வளவு நேரம்?... எல்லாரும் வெயில்லயேவா?... சரி, சரி... அழுறாளா? பேச்சித்தாய் எதுக்கு அழணும்? அவளைச் சும்மா இருக்கச் சொல்லு... அப்புறம் யாரு ரிப்பன் வெட்டினது, சேர்மனா?... நீயா?

யாரைக் கேட்டு வெட்டின?

ஹலோ... ஹலோ...

வச்சுட்டா சார். ‘யாரைக் கேட்டு வெட்டின’ன்னு கேட்டதுக்கு, ‘எல்லாருந்தான் சொன்னாங்க’ன்னுட்டு வச்சுட்டா.

எல்லாருமாம். நானும் அந்தத் தெருதான் சார். வாக்காளர் பட்டியல்ல எம்பேரு இருக்கு, அவ பேருக்கு மேலயே இருக்கு. இப்ப இவ ‘எல்லாரும்’ங்காளே, அதுல என்னைச் சேர்த்துச் சொல்றாளா, விட்டுட்டுச் சொல்றாளா?